காயலடியில் ஒரு கல்லறைத் தோட்டம்

பசிபிக் மாகடலின் மேற்குப் பகுதியில், நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே, சூக் என்னும் தீவுக்கூட்டம் உண்டு. குவாம் தீவிலிருந்து தென்கிழக்காகப் புறப்படும் விமானம் இரண்டு மணி நேரத்திற்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். இன்று அது மைக்ரோனேசியக் கூட்டாட்சி நாட்டின் நான்கு மாநிலங்களுள் ஒன்று. இரண்டாம் உலகப் போரின் வரலாற்றைப் படித்தவர்களுக்கு 'ட்ரக்' என்னும் அதன் பழைய பெயர் நினைவிருக்கலாம்.

வானிலிருந்து பார்க்கையில் அதன் அமைப்பே வியப்பூட்டுகிறது. ஏறத்தாழ 225 கிலோமீட்டர் சுற்றளவுள்ள பவளப்பாறை வளையம் ஒன்று. அதனுள்ளே அலையடங்கிய நீலக் காயல். காயலின் நடுவே பச்சை மலைத்தீவுகள். ஆதியில் அங்கே ஓர் எரிமலை கடலிலிருந்து எழுந்து நின்றது. காலப்போக்கில் மலை சிறுகச் சிறுக அமிழ்ந்தது. அதன் கரையைச் சுற்றி வளர்ந்த பவளமோ, அமிழும் மலையோடு சேர்ந்து அமிழாமல், ஒளியை நாடி மேல்நோக்கி வளர்ந்துகொண்டே இருந்தது. வட்டப் பவளத்தீவுகள் பிறக்கும் முறையை இவ்வாறு விளக்கி 1842இல் நூல் எழுதியவர் சார்லஸ் டார்வின். சூக்கில் பழைய மலையின் உச்சிகள் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. வளையமும் இருக்கிறது, உள்ளே மலையும் இருக்கிறது. ஆகவே அது இயற்கை அமைத்த கோட்டை போன்றது. சில வாயில்கள் வழியாக மட்டுமே கப்பல்கள் உள்ளே வரமுடியும். வந்துவிட்டால் எந்தப் புயலுக்கும் அஞ்சாமல் நங்கூரமிடலாம்.

இந்த வசதியே அந்தத் தீவுமக்களுக்கு வினையாயிற்று. முதல் உலகப் போரின் தொடக்கத்தில், 1914இல், ஜெர்மானியரிடமிருந்து ஜப்பான் அத்தீவுகளைக் கைப்பற்றியது. பின்னர் காயலைத் தன் கடற்படையின் பெருந்தளமாக மாற்றிக்கொண்டது. 1942 முதல் அதன் பெரும் போர்க்கப்பல்கள் அங்கேதான் நங்கூரமிட்டிருந்தன. 1944 பிப்ரவரி 4ஆம் நாள் அமெரிக்க உளவு விமானங்கள் காயலின் மேல் பறந்து படமெடுத்துச் சென்றன. வரப்போவதை உணர்ந்த ஜப்பானியத் தளபதிகள் பெரிய போர்க்கப்பல்களையெல்லாம் வேறிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சரக்குக் கப்பல்களும் எண்ணெய்க் கப்பல்களுமோ, இறக்கவேண்டிய பொருள்களோடு காயலிலேயே நின்றன. பிப்ரவரி 17, 18 ஆகிய இரு நாள்களில் ஒன்பது விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து அமெரிக்க விமானங்கள் அலையலையாக வந்து குண்டு பொழிந்தன. அத்தாக்குதலுக்கு அவர்கள் இட்ட பெயர் 'ஆலங்கட்டி' என்று பொருள்படும். முப்பதுக்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்கள் மூழ்கின. ஏறத்தாழ 250 விமானங்கள் அழிந்தன. ஜப்பானியர் தரப்பில் சுமார் 4,500 பேரும், அமெரிக்கர் தரப்பில் 40 பேரும் உயிரிழந்தனர். காப்பாற்றத் தக்கவை என்று கருதப்பட்டவை முன்னரே போய்விட்டன. எஞ்சியவர்களே கடலடிக்குப் போனார்கள்.

இந்த ஒரு செய்திதான் என்னை அங்கே இழுத்துச் சென்றது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வணிகக் கப்பல்களில் எஞ்சினியராகப் பணிபுரிந்தவன் நான். என் வாழ்நாளின் பெரும்பகுதி நீர்மட்டத்துக்குக் கீழே, எஞ்சின் அறையின் வெம்மையிலும் இரைச்சலிலும் கழிந்தது. கடலில் வேலை செய்பவன் கடலைப் பார்த்துக்கொண்டே இருப்பான் என்று ஊரார் எண்ணுவார்கள். எங்களுக்கோ கடல் என்பது இரும்புத் தகட்டுக்கு அப்பால் கேட்கும் ஓசை மட்டுமே. அந்தத் தகட்டின் மறுபுறத்தை ஒரு முறையேனும் காணவேண்டும் என்ற ஆசையால், ஐம்பது வயதை நெருங்கும்போது, விடுமுறையில் அந்தமான் சென்று சிலிண்டர் கட்டிக்கொண்டு நீரில் மூழ்கும் கலையைக் கற்றேன். 2013இல் குவாம் துறைமுகத்தில் ஒரு கப்பலிலிருந்து பணி முடித்து இறங்கியபோது, ஊருக்குத் திரும்புமுன் ஒரு வாரத்தை சூக்கிற்கு ஒதுக்கினேன்.

நீருக்கடியில் செல்பவர் முதலில் கற்கவேண்டியது மூச்சைப் பற்றித்தான். கரையில் நாம் அதை எண்ணுவதே இல்லை. அங்கே அது அளந்து கொடுக்கப்படுகிறது. பத்து மீட்டர் இறங்கும் ஒவ்வொரு முறையும் நம் மேலுள்ள அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. முப்பது மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நான்கு மடங்கு. ஆகவே ஒரு மூச்சுக்குச் செலவாகும் காற்றும் நான்கு மடங்கு. மேலே ஒரு மணி நேரத்துக்கு வரும் சிலிண்டர் அங்கே கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அச்சமும் பரபரப்பும் கொண்டவன் இன்னும் விரைவில் தீர்த்துவிடுவான். அமைதியாக இருப்பவனுக்கே நேரம் நீள்கிறது. மேலே வரும்போது மூச்சை ஒருபோதும் அடக்கக்கூடாது. அடக்கினால் நுரையீரலில் உள்ள காற்று விரிந்து அதைக் கிழித்துவிடும். விரைந்தும் மேலேறக்கூடாது. ஆழத்தில் குருதியில் கரைந்த நைட்ரஜன், சோடாப் புட்டியைத் திறந்ததுபோல் குமிழிகளாகப் பொங்கி, மூட்டுகளையும் தண்டுவடத்தையும் தாக்கும். எனவே நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகாமல் மெல்ல ஏறி, ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் சும்மா நின்று, பிறகுதான் வெளியே வரவேண்டும்.

மற்றொரு விதி, தனியே மூழ்கக்கூடாது என்பது. இருவர் இருவராகவே இறங்குகிறோம். ஒருவர் காற்று தீர்ந்தால் மற்றவருடைய சிலிண்டரிலிருந்து இருவரும் மூச்செடுத்து மேலே வரலாம். அதற்கென்றே இரண்டாவது குழாய் ஒன்று ஒவ்வொருவரிடமும் உண்டு. இதைக் கற்றுக்கொடுத்தபோது நம் முத்துக்குளித்துறைப் பெரியவர்கள் சொல்லும் வழக்கம் நினைவுக்கு வந்தது. முத்துக் குளிப்பவர் காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கும்போது, படகில் நின்று கயிற்றைப் பிடிப்பவன் அவருடைய மைத்துனனாக இருப்பானாம். தன் உடன்பிறந்தாளின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்பதை அறிந்தவன் அவனல்லவா? கருவிகள் மாறிவிட்டன. ஆழத்துக்குப் போகிறவனின் உயிர் மற்றொருவன் கையில் இருக்கிறது என்னும் உண்மை மட்டும் மாறவில்லை.

நாம் இன்று பயன்படுத்தும் இந்த மூச்சுக்கருவியை ழாக் கூஸ்தோவும் எமில் கஞ்ஞானும் பிரான்சில் உருவாக்கிய ஆண்டு 1943. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சூக்கில் கப்பல்கள் மூழ்கின. ஒரே போரின் நடுவே, உலகின் ஒரு கோடியில் மனிதர்கள் நீருக்குள் வாழக் கற்றுக்கொண்டிருந்தார்கள். மறு கோடியில் மனிதர்களை நீருக்குள் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பின்னர், 1969இல், அதே கூஸ்தோவின் குழுவினர் சூக் காயலில் மூழ்கிப் படமெடுத்தனர். அந்தப் படம் வெளிவந்த பிறகே உலகெங்குமிருந்து மூழ்குநர்கள் அங்கே வரத் தொடங்கினார்கள்.

நான் முதலில் இறங்கியது 'ஃபுஜிகாவா மாரு' என்னும் சரக்குக் கப்பலில். 1938இல் கட்டப்பட்ட அது, போரில் விமானங்களை ஏற்றிச் செல்லும் பணிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. டார்பிடோ பட்டு மூழ்கியபோதும் கவிழாமல் நிமிர்ந்தே தரையில் அமர்ந்துவிட்டது. அதன் மேல்தளம் ஏறத்தாழ 18 மீட்டர் ஆழத்திலும், அடிப்பகுதி 30 மீட்டருக்கும் கீழேயும் இருக்கின்றன. கயிற்றைப் பற்றிக்கொண்டு இறங்கும்போது முதலில் நீலம் மட்டுமே தெரிந்தது. பிறகு அந்த நீலத்துக்குள் ஒரு நிழல் திரண்டது, நிழல் நீண்டது, கப்பலாயிற்று.

ஆழத்தில் செந்நிறம் முதலில் மறைந்துவிடும். தண்ணீர் அதை விழுங்கிவிடுகிறது. எல்லாம் சாம்பலும் நீலமுமாகத் தோன்றின. கைவிளக்கை ஏற்றியதும் அந்தச் சாம்பல் நிறம் முழுவதும் உயிர்பெற்றது. செம்மையும் ஊதாவும் இளமஞ்சளுமாக மென்பவளங்கள், கடற்பஞ்சுகள், விசிறிபோல் விரிந்த கடற்பூச்சிக் கூட்டங்கள். முன்புறத்துப் பீரங்கி பவளக் கொத்துகளால் மூடப்பட்டுக் கிடந்தது. அதன் வாய்க்குள் ஒரு சிறு மீன் குடியிருந்து, நான் அருகே சென்றதும் வெளியே வந்து என்னை ஆராய்ந்தது. ஒவ்வொரு பவளமும் நெல்மணியளவே உள்ள உயிர்கள் பல கூடி வாழும் ஊர். கடல்நீரில் கரைந்த சுண்ணாம்பை எடுத்து அவை வீடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் உடலுக்குள் வாழும் நுண்பாசி ஒளியை உணவாக்கி அவற்றுக்குப் பங்கிடுகிறது. ஒட்டிக்கொள்ளக் கெட்டியான ஓரிடமும் ஒளியும் இருந்தால் போதும். அந்த இடம் பாறையா, பீரங்கியா என்று பவளம் கேட்பதில்லை.

சரக்கறைக்குள் போர் விமானங்களின் உடற்பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. இறக்கை பொருத்தப்படாமலே, ஒரு முறையும் பறக்காமலே அவை அங்கே தங்கிவிட்டன. உடன் வந்தவர்கள் விமானியின் இருக்கையருகே நின்று படமெடுத்துக்கொண்டார்கள். எனக்கு எஞ்சின் அறைக்குப் போகவேண்டும் என்றிருந்தது.

மேலேயுள்ள கண்ணாடிக் கூரையின் திறப்பு வழியாக, அந்நாட்டவரான வழிகாட்டியின் பின்னே மெல்ல இறங்கினேன். துடுப்பின் ஓர் அசைவு தவறினாலும் எழுபது ஆண்டுகளாகப் படிந்த துருவும் சேறும் கலங்கி, திரும்பும் வழி மறைந்துவிடும். விளக்கொளியில் எஞ்சினின் சிலிண்டர் தலைகள் வரிசையாகத் தெரிந்தன. குறுக்கும் நெடுக்குமான நடைபாதைகள், கைப்பிடிக் கம்பிகள், குழாய்கள், வால்வுகள் என எல்லாம் இருக்கவேண்டிய இடத்திலேயே இருந்தன. பக்கத்துப் பணிமனையில் லேத் இயந்திரம் நின்றது. சுவரில் ஸ்பானர்கள், பெரியது முதல் சிறியதுவரை, அளவு வரிசை குலையாமல் தொங்கின. வேலை முடிந்ததும் கருவியை அதன் இடத்தில் மாட்டவேண்டும் என்று எத்தனை இளைஞர்களை நான் கடிந்திருப்பேன்! இங்கேயும் என்னைப் போன்ற ஒருவர் இருந்திருக்கிறார். அவர் சொன்னதை யாரோ ஒருவன் கேட்டு நடந்திருக்கிறான்.

எஞ்சின் அறையிலிருந்து மேல்தளத்துக்கு எத்தனை படிகள் என்பது எஞ்சின்காரனின் கால்களுக்கே தெரியும். விளக்கணைந்தாலும் புகை சூழ்ந்தாலும் ஏறித் தப்புவதற்காக அதை மீண்டும் மீண்டும் பழகுகிறோம். நான் அந்த ஏணியின் அடியில் மிதந்தவாறே மேலே பார்த்தேன். வெகுதொலைவில் ஒரு நீலச் சதுரமாகத் திறப்பு தெரிந்தது. டார்பிடோ பட்டது கப்பலின் நடுப்பகுதிக்கு அருகே. அக்கணத்தில் அங்கே பணியில் இருந்தவர்கள் யார், எத்தனை பேர் மேலே போய்ச் சேர்ந்தார்கள் என்பதையெல்லாம் அந்த ஏணி சொல்லவில்லை. அவர்கள் என் நாட்டவர் அல்லர். என் மொழி பேசியவர் அல்லர். என் நாடு சார்ந்திருந்த தரப்புக்கு எதிராகப் போரிட்டவர்கள். ஆயினும் அந்த ஏணியடியில் அவர்களை வேற்றவராக எண்ண என்னால் இயலவில்லை. போரில் மாண்ட ஜப்பானிய வணிகக் கப்பல் ஊழியர்கள் 60,000க்கும் மேற்பட்டோர் என்றும், படைவீரர்களைவிட அவர்களுடைய இறப்பு விகிதம் மிகுதி என்றும் படித்திருக்கிறேன். அந்த எண்ணின் பொருள் எனக்கு அன்று, அந்த ஏணியடியில்தான் விளங்கியது.

அன்று பிற்பகல் 'ஷின்கோகு மாரு' என்னும் எண்ணெய்க் கப்பலில் இறங்கினோம். 1941இல் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கச் சென்ற கப்பற்படைக்கு எண்ணெய் கொண்டுபோன கப்பல்களுள் அதுவும் ஒன்று. அதன் மேல்தளத்தில் உள்ளது போன்ற பவள வளத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை. எங்களோடு வந்த வேற்று நாட்டுப் பயணி ஒருவர், சேற்றிலிருந்து ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தை எடுத்துத் துடைத்துப் பார்த்தார். விரிசல்கூட இல்லாத கிண்ணம். அவர் கை தம் பையை நோக்கிப் போயிற்று. வழிகாட்டி அருகே நீந்திவந்து, தலையை அசைத்து, கிண்ணத்தை இரு கைகளாலும் வாங்கி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். படகேறியதும் அவர் சினக்கவில்லை. "அது ஒருவர் சாப்பிட்ட கிண்ணம், ஐயா. அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பயணி அதன்பின் வெகுநேரம் பேசவில்லை.

அக்கப்பல்களிலிருந்து எதையும் எடுத்துச் செல்வதை 1970களிலிருந்தே தீவின் சட்டம் தடுக்கிறது. ஆனால் சட்டத்தைவிடப் பெரிய காவல், வழிகாட்டிகளின் அந்த மனநிலை. அவர்களுக்கெல்லாம் முன்னோடி கிமியுவோ ஐசெக் என்பவர். தாக்குதல் நடந்தபோது அவருக்கு வயது 17. கப்பல்கள் எரிந்து மூழ்குவதைத் தீவிலிருந்து தம் கண்களால் பார்த்தவர். பிற்காலத்தில் மூழ்கக் கற்று, 1973இல் தீவில் மூழ்குநர்களுக்கான கடை ஒன்றைத் தொடங்கி, கப்பல்கள் கிடக்கும் இடங்களைத் தேடிக் கண்டறிவதில் பெரும்பங்கு ஆற்றினார். 2001இல் மறையும்வரை அவர் அந்தக் காயலின் காவலராகவே விளங்கினார். தம் இளமையில் கண்ட கொடுமையைத் தேடி மீண்டும் மீண்டும் இறங்கி, பிறரையும் கைப்பிடித்து அழைத்துச் சென்ற அந்த மனிதரை நினைக்கும்போது, நினைவு என்பதும் ஒரு தொண்டுதான் என்று தோன்றுகிறது.

ஆயினும் கடலடியின் அழகில் மயங்கி, கரையில் இருப்பவர்களை மறந்துவிடக்கூடாது. அந்தப் போர் தீவுமக்களின் போர் அன்று. அவர்களுடைய நிலத்தில் விமானத் திடல்கள் எழுந்தன; அவர்கள் கட்டாய வேலைக்கு ஆளானார்கள். தாக்குதலுக்குப் பின் அமெரிக்கர் சூக்கில் தரையிறங்கவில்லை. முற்றுகையிட்டு, சுற்றி வளைத்து, அப்படியே விட்டுவிட்டார்கள். 1945 செப்டம்பரில் படையினர் சரணடையும்வரை உணவுக் கப்பல்கள் வரவில்லை. பல்லாயிரம் படையினரும் தீவுமக்களும் ஒரே சிறு நிலத்தின் கிழங்கையும் மீனையும் நம்பிக் கிடந்தார்கள். படையினர் முதலில் எடுத்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்தால் மக்களுக்கு. வழிகாட்டியின் பாட்டி, சாகும்வரை உலையில் ஒரு கைப்பிடி கூடுதலாகவே போடுவாராம். "யாருக்கு?" என்று கேட்டால், "யாராவது பசியோடு வந்தால்?" என்பாராம்.

போர் முடிந்த பின்பும் அதன் செலவை அவர்களே செலுத்தி வருகிறார்கள். 'சான் பிரான்சிஸ்கோ மாரு' என்றொரு கப்பல் அங்கே உண்டு. அதன் மேல்தளத்தில் போர் டாங்கிகளும், சரக்கறைகளில் கண்ணிவெடிகளும் குவிந்திருக்கின்றன. ஐம்பது மீட்டர் அளவிலான அந்த ஆழத்துக்குச் செல்ல எனக்குத் தகுதிச் சான்று இல்லை, நான் செல்லவில்லை. ஆனால் இத்தகைய கப்பல்களிலிருந்து வெடிமருந்தை எடுத்து, தோட்டா கட்டி, மீன் பிடிக்கும் வழக்கம் தீவில் நெடுங்காலம் இருந்து வந்திருக்கிறது. பசித்தவன் கைக்கு எட்டியதைப் பயன்படுத்துகிறான். ஒரு வெடியில் ஒரு நாள் மீன் கிடைக்கும். மீன்கள் முட்டையிட்டு வாழும் பவளமோ சுக்குநூறாகி, மீண்டும் வளரப் பல ஆண்டுகள் பிடிக்கும். கப்பல்களின் இரும்பும் ஆண்டுதோறும் மெலிகிறது. தொட்டிகளில் எஞ்சிய எண்ணெய் சில இடங்களில் கசிந்து நீர்மேல் வானவில்லாக விரிகிறது. ஒரு நாள் அத்தொட்டிகள் உடைந்தால், அலையாத்திக் காடுகளும் மீன்பிடி இடங்களும் என்னவாகும் என்ற அச்சத்தோடு மக்கள் வாழ்கிறார்கள். இதற்குமேல், உலகக் கடல் சூடாவதால் பவளங்கள் தம்முள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகின்றன. 1998இலும், அண்மையில் 2023 தொடங்கியும், உலகளாவிய முறையில் இப்படி நேர்ந்தது. பீரங்கியைப் பூக்கச் செய்த அந்தச் சிறு உயிருக்கும் தாங்கும் எல்லை உண்டு.

வேனோ என்பது சூக்கின் தலைநகரான தீவு. கரோலின் தீவுகள் மறைமாவட்டத்தின் பேராலயம் அங்கேதான் இருக்கிறது. தீவின் ஒரு மேட்டில் இயேசு சபையினர் நடத்தும் சவேரியார் உயர்நிலைப் பள்ளியைப் பார்க்கச் சென்றேன். 1952இல் தொடங்கப்பட்ட அப்பள்ளியின் முதன்மைக் கட்டடம், போரின்போது ஜப்பானியரின் வானொலித் தொடர்பு நிலையமாக இருந்தது. குண்டுவீச்சைத் தாங்குவதற்காக மிகத் தடிப்பாகக் கட்டிய காங்கிரீட் சுவர்கள். கனத்த இரும்புக் கதவுகள். தாக்குதல் ஆணைகள் வந்துபோன அறைகளில் இன்று பல தீவுகளிலிருந்து வந்த பிள்ளைகள் கணக்கும் வரலாறும் படிக்கிறார்கள். 1542இல் நம் முத்துக்குளிப்போரிடையே வந்து அவர்களோடு வாழ்ந்து, 1549இல் ஜப்பானில் கால்வைத்த அந்தப் புனிதரின் பெயர் இப்படியொரு கட்டடத்துக்கு அமைந்ததை எண்ணி நெடுநேரம் முற்றத்தில் நின்றேன். கடலடியில் பவளம் செய்வதை இங்கே மனிதர்கள் செய்திருக்கிறார்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பவளம் அறியாமல் செய்கிறது, அதற்கு நினைவில்லை. மனிதர்கள் அந்த இடம் என்னவாக இருந்தது என்பதை அறிந்தே, அதை வேறொன்றாக்கியிருக்கிறார்கள்.

அந்த வேறுபாட்டில்தான் நம் கடமை அடங்கியிருப்பதாக நினைக்கிறேன். 'ஐக்கோகு மாரு' என்னும் கப்பல், அதிலிருந்த வெடிமருந்தில் தீப்பற்றி, ஒரே கணத்தில் வெடித்துச் சிதறியது. அதிலிருந்த நூற்றுக்கணக்கானோர் அங்கேயே மாண்டனர். 1944 ஏப்ரல் 4ஆம் நாள் மற்றொரு துயரம் நேர்ந்தது. விமானத் தாக்குதலுக்குத் தப்ப அவசரமாக மூழ்கிய 'ஐ 169' என்னும் நீர்மூழ்கிக் கப்பலில், மூடப்படாமல் விடப்பட்ட ஒரு வால்வு வழியே நீர் புகுந்தது. மற்ற அறைகளில் உயிரோடு இருந்தவர்கள் உள்ளிருந்து தட்டும் ஓசையை மேலிருந்து சென்றவர்கள் கேட்டார்கள். தூக்க முயன்றார்கள், முடியவில்லை. ஓசை நின்றுபோயிற்று. பல பத்தாண்டுகள் கழித்து ஜப்பானியர் வந்து, இவ்விரு கப்பல்களிலும் எட்டிய எலும்புகளைச் சேகரித்து, எரியூட்டி, சாம்பலைத் தாய்நாட்டுக்குக் கொண்டு சென்றனர். பிற கப்பல்களில் பலர் இன்னும் இருக்கின்றனர்.

கேளிக்கைக்காக அங்கே மூழ்கலாமா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. கல்லறைத் தோட்டத்துக்கு யாரும் போகாமலே இருந்தால் இறந்தவர்களுக்கு மரியாதை கூடிவிடாது, புதர்தான் மண்டும். போகலாம். எப்படிப் போகிறோம் என்பதே கேள்வி. தோபித்து தம் உயிருக்கு இடர் வரும் என்று அறிந்தும், தெருவில் எறியப்பட்ட பிணங்களை இரவில் எடுத்து அடக்கம் செய்ததை விவிலியத்தில் வாசிக்கிறோம். அடக்கம் செய்ய இயலாதவர்களுக்கு நாம் செய்யக்கூடியது குறைவே: தொடாமலிருத்தல், எடுக்காமலிருத்தல், கலக்காமலிருத்தல். இவற்றோடு, அக்கடலை நம்பி வாழ்பவர்களுக்கு உரிய கூலியையும் மதிப்பையும் கொடுத்தல்; அவர்கள் கேட்கும் உதவி, எண்ணெய்த் தொட்டிகளை வெறுமையாக்குவது உள்பட, அந்தப் போரை நடத்திய நாடுகளிடமிருந்து அவர்களுக்குக் கிடைக்கவேண்டும் என்று சொல்லுதல். மலர் பூத்துவிட்டதால் புதைகுழி இல்லை என்றாகிவிடாது.

ஊர் திரும்பியதும் என் மனைவி, "என்னங்க, அவ்வளவு தூரம் போய் மீனைப் பார்த்தீங்களா, பேயைப் பார்த்தீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். கிண்ணத்தின் கதையையும் ஸ்பானர்களின் கதையையும் சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்தப் பிள்ளைகளோட தாய்மாருக்கு எங்கே போய் மெழுகுவத்தி ஏத்துறதுன்னு தெரிஞ்சிருக்குமா?" என்றாள். எனக்கு விடை தெரியவில்லை.

எங்கள் பங்கின் கல்லறைத் தோட்டத்து நடுவே ஒரு பெரிய சிலுவை இருக்கிறது. தொலைவில் இறந்தவர்களுக்காக, கல்லறை இல்லாதவர்களுக்காக, அதனடியில் மெழுகுவத்தி ஏற்றுவது வழக்கம். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீட்டார் அங்கே கூடுவார்கள். நவம்பர் 2ஆம் நாள், எங்கள் பெற்றோர் கல்லறையில் செபித்தபின், என் மனைவி பையிலிருந்து இன்னொரு மெழுகுவத்தியை எடுத்து நீட்டுகிறாள். ஏணியடியில் நின்ற எஞ்சின்காரர்களுக்காக, சுட்டு வீழ்த்தப்பட்ட விமானிகளுக்காக, பசியால் மாண்ட தீவுமக்களுக்காக அதை ஏற்றுகிறோம். அவர்களில் ஒருவர் பெயரும் எங்களுக்குத் தெரியாது. காற்று பலமாக இருந்தால் இருவரும் கைகளைக் குவித்து, சுடர் நிலைக்கும்வரை மறைத்துக்கொண்டு நிற்கிறோம்.